பத்துக்கு அப்புறம் பெரிய மணி

அன்பு மகனுக்கு,

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ அதை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். போன லீவில் வந்திருந்தபோது உன் தங்கை அனுப்பியதை அப்படித்தான் கேட்டாய். அவள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசியது, மீன் ஏலம் விடுகிறவர் கத்துவதைப் போல என் காதில் விழுந்தது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உன் கம்பெனியில் வேலை செய்கிற நம் பக்கத்து ஆள் ஒருவர் லீவு முடிந்து மஸ்கட் கிளம்புகிறார். அவரிடம் முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் அவற்றுக்கு நடுவில் இருக்கும். முதலில் முறுக்கைத் தின்றுவிட்டு அப்புறம் படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம் வரும், அது என்னிடமிருந்து உனக்கு வந்த குணம்.

உன் அம்மா கடலூரில் உன் தங்கையின் பிரசவத்துக்காகப் போய் உட்கார்ந்திருக்கிறாள். கரிக்கலாம்பாக்கம் வீட்டில் இப்போது நான், உன் மனைவி கலை, உன் மகள் ரோசி, மூன்று பேர்தான். இங்கே நடந்த சங்கடத்தை உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் அவள் உனக்குப் போன் போட்டுத் திட்டியிருப்பாள், நீ மஸ்கட்டிலேயே வேறு வேலை தேடி ஒளிந்திருப்பாய். அவள் திரும்பி வருவதற்குள் இது சரியாக வேண்டும் என்பது என் ஆசை. என்ன விஷயம் என்று உனக்கே தெரியும். ஸ்கூல் இன்டர்வியூவுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் நீ போனில் பேசினாயே, அதுதான். ஆனால் நேராக அதற்கு வர மாட்டேன். உன் வீட்டில் காலையில் என்ன நடக்கிறது என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. வீடியோ காலில் ரோசியின் மூக்கையும் சீலிங் ஃபேனையும் மட்டும்தான் நீ பார்க்கிறாய். முழுசாக நான் சொல்கிறேன், கேள்.

காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் கலை ஹாலைப் பெருக்கிப் பாயை விரிப்பாள். அதுதான் ஸ்கூல். பெல் அடிப்பது நான். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவேன். சில நாள் மறந்துபோனால் உன் மகள் என் அறைக்கே வந்து, "தாத்தா, பெல்லு அடிக்கல, ஸ்கூல் லேட்டு" என்று அதட்டுவாள். முதலில் சிலுவை அடையாளம். அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. எந்தக் கை வலது, எந்தக் கை இடது என்று ரோசி கற்றுக்கொண்டது அப்படித்தான். செருப்பு மாற்றிப் போடும்போதுகூட அந்தக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, பிறகுதான் சரியான காலை நுழைப்பாள். நான் கரண்ட் கம்பம் ஏறும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே இப்படி யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவனிடம் "உன் வலது, என் வலது" என்று சண்டை போட்டதெல்லாம் மிச்சமாகியிருக்கும்.

வெளிநாட்டில் ஒரு அம்மா, ஸ்கூல் சேர்க்கும் முன்னால் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று வாராவாரம் வீடியோ போடுகிறாளாம். பைபிள் கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் சேர்த்து. கலை அதை போனில் பார்க்கிறாள். பார்த்துவிட்டு அப்படியே செய்வதில்லை, பி.எஸ்சி. படித்த பெண் இல்லையா, நமக்கு எது ஒத்துவரும் என்று யோசிக்கிறாள். அந்த அம்மா பனியில் பொம்மை செய்யச் சொன்ன வாரத்தில் இவள் களிமண்ணில் கன்றுக்குட்டி செய்தாள். ஆப்பிள் மரம் வரையச் சொன்னால் இவள் கொய்யா மரம் வரைகிறாள். அந்த மரத்தில்தான் பைபிளில் வருகிற குள்ளன் சக்கேயு ஏறி உட்கார்ந்து ஆண்டவரைப் பார்த்தான் என்று ரோசி சத்தியம் செய்கிறாள். எந்தக் கிளை என்றுகூடக் காட்டுவாள்.

நோவாவின் கப்பல் செய்தார்கள். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிதான் கப்பல். எல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்று கலை சொல்லிவிட்டாள். ரெண்டு செருப்பு ஏறியது, ரெண்டு பொம்மை ஏறியது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகளில் ஒன்றைப் பிடித்து வந்து, இன்னொன்று ஓடிவிட்டதால் அதையும் இறக்கிவிட்டார்கள். நானும் ஏறட்டுமா என்று கேட்டேன். உன் மகள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆயா கடலூர்ல கீறாங்க. நீ ஒண்டி ஆளு. ஜோடி இல்லாம ஏத்த மாட்டேன்" என்றாள். உன் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "வெள்ளம் வரட்டும், நான் வந்து உன்ன ஏத்திக்கினு போறேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொன்ன ஆசை வார்த்தை அதுதான்.

இந்தப் பாயில் அடி கிடையாது, அதட்டல் கிடையாது. பிள்ளை நடுவில் எழுந்து ஓடினால் டீச்சரும் பின்னாலேயே ஓடுகிறாள். பாதிப் பாடம் கோழிக்கூண்டு பக்கத்தில் நடக்கும். சாப்பிடும் முன்னால் சின்ன ஜெபம். அதில் கலையின் அப்பா, கரையாம்புத்தூர் தாத்தா பெயர் கட்டாயம் வரும், ஏனென்றால் நாம் தின்கிற அரிசி அவர் வயலிலிருந்து வருகிறது. உன் பெயர் வரும். கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர் பெயரும் வரும். அவர் பெயர் ரோசிக்குத் தெரியாது, "கேஸு மாமா" என்று ஆண்டவரிடம் சொல்கிறாள். ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கலர் எப்படிக் கற்றுக்கொண்டாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வில்லியனூருக்குப் பூசைக்குப் போகிறோமே, அங்கே ஃபாதர் போட்டிருக்கிற மேலாடையை வைத்து. சாதாரண நாளில் பச்சை, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை, குருத்தோலை ஞாயிறு வந்தால் சிவப்பு, தவக்காலத்தில் ஊதா. பூசை முழுக்க நெளியாமல் இருப்பதற்கு அது ஒரு வேலை. ஃபாதர் பீடத்துக்கு வருவதற்கு முன்பே இன்றைக்கு என்ன கலர் என்று என் காதில் பந்தயம் கட்டுவாள். தோற்றால் நான் அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும். ஜெயித்தாலும் நான்தான் வாங்கித் தர வேண்டும்.

எண்ணுவதற்கு ஜெபமாலை. நீ இங்கிலீஷில் சொல்லிக் கொடுக்கச் சொன்னாய் என்று கலை "ஒன், டூ" என்றுதான் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மணிக்கு ஒரு நம்பர். குட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணுவாள். சின்ன மணி பத்து முடிந்ததும் ஒரு பெரிய மணி வரும். அங்கே நின்று, கை கூப்பி, ஆண்டவருக்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று கலைக்கும் தோன்றவில்லை, ஆயுசு முழுக்க ஜெபமாலை உருட்டுகிற எனக்கும் தோன்றவில்லை.

இப்போது இன்டர்வியூவுக்கு வருகிறேன். மூலக்குளத்தில் நீ ஆசைப்பட்ட அந்த ஸ்கூலுக்கு மூன்று பேரும் ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். உள்ளே ஏசி. ரோசிக்குப் புது ஃபிராக். அந்த மேடம் நல்ல மாதிரிதான், சிரித்த முகம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் கேட்டார், சொன்னாள். மாடு எப்படிக் கத்தும் என்று கேட்டார், ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரிக் கத்திக் காட்டினாள். ஊதா கலர் அட்டையைக் காட்டி, "வாட் கலர் இஸ் திஸ்?" என்றார். ரோசி ஒரு நொடி பார்த்துவிட்டு, "தவக்காலம்" என்றாள். மேடத்துக்குப் புரியவில்லை. "ஃபாதர் இப்ப போடறது. ஈஸ்டர் வந்தா கழட்டிடுவாரு" என்று விளக்கமும் கொடுத்தாள். சரி என்று மேடம் எண்ணச் சொன்னார். டென் வரைக்கும் தங்கம் மாதிரி சொன்னாள். "வெரி குட், டென்னுக்கு அப்புறம்?" என்று மேடம் கேட்டார்.

"பெரிய மணி" என்றாள் உன் மகள்.

"நோ டியர், ஆஃப்டர் டென்?"

"பெரிய மணி. இங்க நிக்கணும்" என்று சொல்லி, கண்ணை மூடி, கை கூப்பி, மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்று ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, மறுபடி "ஒன்" என்று ஆரம்பித்தாள். நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, மூக்கு வழியாக வந்துவிட்டது. கலை என் காலை மிதித்தாள். மாமனார் காலை மருமகள் மிதித்தால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று பார்த்துக்கொள். மேடமும் சிரித்தார். ஆனால் வேலை வேலைதானே. "கொஞ்சம் பிராக்டிஸ் குடுத்துட்டு அடுத்த மாசம் கூட்டினு வாங்க, பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்தார்.

வழியெல்லாம் கலை சிரித்துக்கொண்டே வந்தாள். நீ போன் பண்ணும்போது இதை எப்படிச் சொல்வது என்று ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்தாள். மேடம் மாதிரி ஒரு தடவை, ரோசி மாதிரி ஒரு தடவை. உன்னைச் சிரிக்க வைக்கப்போகிறோம் என்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது. அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். போன் வந்ததும் நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொன்னாள். பெரிய மணி வந்த இடத்தில் நிறுத்தி, உன் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

நீ சிரிக்கவில்லை. "இதத்தான் இவ்ளோ நாளா சொல்லிக் குடுத்தியா? அசிங்கமா இல்ல?" என்றாய். அதையாவது விட்டுவிடலாம், வேலை முடிந்து களைத்து வந்தவன் எரிந்து விழுவது எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு அடுத்ததாக ஒன்று சொன்னாய். "நீயே நேத்து வந்தவ. உனக்கே ஒழுங்கா தெரியாது, நீ இன்னாத்துக்கு அவளுக்கு ஜெபம்லாம் சொல்லித் தர்ற? ஏபிசிடி சொல்லிக் குடு, போதும். மூலக்குளத்துல டியூசன் பாரு." கலை "சரிங்க" என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பு பற்றவே வைத்திருக்கவில்லை. நான் உன்னிடம் அங்கே மழை உண்டா என்று கேட்டேன். மஸ்கட்டில் மழையைப் பற்றி விசாரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உன் பயம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அந்த சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான் வந்திருக்க வேண்டும். உன் கையில் இருக்கிற தொழிலில் பாதிகூடத் தெரியாதவன் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசி அதை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு நீ போனில் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. என் மகளுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்று நினைக்கிறாய். நல்ல அப்பன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் அவளுக்கு இன்னும் நாலு வயசு முடியவில்லை. நீ ஒண்ணாம் கிளாஸில் பாதி வருஷம் வாயைத் திறக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று டீச்சர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். உன் அம்மா, "வூட்ல வந்து பாருங்க, வாய மூட மாட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஒரு நாள் பக்கத்துப் பையன் உன் பென்சிலை எடுத்துக்கொண்டான் என்று நீ வகுப்பில் பேசிய முதல் பேச்சில் இருந்த வார்த்தைகளைக் கேட்டு, டீச்சர் மறுபடியும் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

ரோசியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பத்துக்கு மேல் நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டுக்குப் பின்னால் ப்ளாட் போட்டிருக்கிறார்கள் இல்லையா, அங்கே ஒவ்வொரு ப்ளாட்டுக்கும் கல் நட்டுச் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். கல்லைத் தொட்டுத் தொட்டு "லெவன், ட்வெல்வ்" என்று ஓடுகிறாள். ப்ளாட் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் போய், "இது ஃபிஃப்டீன், மாடு படுக்கற இடம்" என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கப் பார்த்தாள். அடுத்த மாதம் அந்த மேடம் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். அந்த ஸ்கூல் வேண்டும் என்றால் அந்த ஸ்கூலிலேயே சேர்த்துவிடு. ஜூன் மாதம் வரை அம்மாவிடம் இருக்கட்டும், டியூசன் வேண்டாம் என்பது என் கருத்து. அதையும் நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

"நேத்து வந்தவ" என்று சொன்னாயே, அதற்காகத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஃபாதர் உங்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்து ஜெபம் கேட்டாரே, அந்த நாளை நினைத்துப் பார். கரையாம்புத்தூரில் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்து, மாரியம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்த பெண், விசுவாசப் பிரமாணத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு இடம் தட்டாமல் சொன்னாள். பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம் வாங்கிய நீ பாதியில் நின்றுவிட்டாய். மேலே பார்த்தாய், கீழே பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான் மாதா சுரூபத்தைப் பார்த்துக்கொண்டேன், எனக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகம்தான். "தம்பி, பொண்ணுக்கு கிளாஸ் வேணாம், நீ வா" என்று ஃபாதர் சொன்னார். அவள்தான் உன் பக்கத்திலிருந்து மெதுவாக அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். நீ அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தாய்.

அவள் ஞானஸ்நானம் வாங்கிய அன்று சம்பந்தி வந்திருந்தார். நெற்றியில் விபூதியோடு, சலவை வேட்டி கட்டி, கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எழும் நேரத்தில் எழுந்தார், மண்டியிடும் நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். சும்மா உட்காருங்கள் என்று கைகாட்டினேன். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே, "நல்லா அமைதியா இருந்துச்சுபா. பொண்ணு சந்தோசமா கீது. எந்த சாமியா இருந்தா இன்னா, பாத்துக்கினா போதும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். அவளுடைய அண்ணன் வரவில்லை, இன்று வரைக்கும் அவளோடு சரியாகப் பேசுவதும் இல்லை. போன பொங்கலுக்கு அங்கே போனபோது அவன் எதிரில் வந்தும், ரோசியை மட்டும் தூக்கிக் கொஞ்சிவிட்டு, தங்கையைப் பார்க்காமல் போனான். கலை அதைச் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டாள்.

அதே பொங்கலில் சம்பந்தி நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருந்தார். ரோசி வரப்பில் நின்று பார்த்தாள். நாலு விதை வரப்பில் விழுந்துவிட்டது. "தாத்தா! அங்க போடாத, குருவி துன்னுடும்! நல்ல மண்ணுல போடு!" என்று ஒரு அதட்டல். ஆண்டவர் சொன்ன விதைப்பவன் கதையைக் கலை அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். சம்பந்திக்கு அந்தக் கதை தெரியாது. "இது இன்னாமா, எங்கப்பாரு மாதிரியே அதட்டுது" என்று சேற்றில் நின்று சிரித்தார். பிறகு அந்தக் கதையைக் கேட்டார். கலை சொன்னாள். தன் அப்பாவுக்கு, அவருடைய வயலிலேயே நின்று, பயப்படாமல் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "விவசாயம் தெரிஞ்ச ஆளுதான் சொல்லிக்கிறாரு" என்றார். அன்று கலையின் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் ரெண்டு வீடும் ஒன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அதை நீ ஒரு வார்த்தையில் கலைத்துவிட்டாய். அவள் அண்ணனுக்கு அவள் போய்விட்டவள். உனக்கு நேற்று வந்தவள். அந்தப் பெண் எங்கே போய் நிற்பாள், சொல். எனக்கு உன் மேல் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. உன்னை அடித்துத் திருத்துகிற வயசில் நீயும் இல்லை, நானும் இல்லை, அதனால் முறுக்கு அனுப்புகிறேன்.

நீ பேசிய மறுநாள் ஜெபமாலை பீரோவுக்குள் போய்விட்டது. பாய் விரிகிறது, ஸ்கூல் நடக்கிறது, ஆனால் ஏபிசிடி மட்டும்தான். நெட்டில் எடுத்த பேப்பரை வைத்து, கோட்டுக்குள் எழுது, வெளியே போகாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் குரலே மாறிவிட்டது. ரோசி சாப்பிடும் முன்னால் கை கூப்பினால் கலை ஜெபத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கிறாள், அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள், நான்தான் ஜெபம் சொல்கிறேன். என் ஜெபத்தில் கேஸ் மாமாவை மறந்துவிட்டேன் என்று ஒரு நாள் ரோசி சோற்றைத் தொடவில்லை. கலை எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். ஒன்றுமில்லை மாமா என்றாள்.

மனைவியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்வாள். ஆனால் ஒன்று தெரியும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் முதலில் தன்னை நம்ப வேண்டும். கலை இந்த ஜெபங்களையெல்லாம் பெரியவளான பிறகு, ஒவ்வொரு வரியாக, அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படித்தாள். நீயும் நானும் அர்த்தம் தெரிவதற்கு முன்பே வாயில் போட்டுக்கொண்டவர்கள். அதனால்தான் ரோசி "ஏன்?" என்று கேட்கும்போது அவளுக்குப் பதில் வருகிறது, எனக்கு "சும்மா இரு" என்றுதான் வருகிறது. நம் வீட்டில் பிள்ளைக்குக் கடவுளைப் பற்றிப் பயமில்லாமல் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் அவள்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நரகத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இவள் ஆட்டுக்குட்டியிலிருந்து ஆரம்பித்தாள். ரோசி இருட்டில் தனியாக பாத்ரூம் போகிறாள், ஆண்டவர் கூட வருகிறார் என்று அவ்வளவு நம்பிக்கை. நான் இந்த வயசிலும் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

இன்று காலை நான் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கலை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "மாமா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். கேளும்மா என்றேன். "நான் சொல்லிக் குடுத்தது பாப்பாவுக்கு செல்லுமா? இல்ல, பொறந்ததுலருந்து கோயிலுக்குப் போற யாராவது மொதல்லருந்து சொல்லிக் குடுக்கணுமா?" அவள் கேலிக்குக் கேட்கவில்லை, மகனே. கோபத்திலும் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தன் பிள்ளைக்குத் தான் ஏதோ கெடுதல் செய்துவிட்டோமோ என்று இத்தனை நாளும் அந்தப் பயத்தோடு சமைத்து, துவைத்து, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "செல்லும்மா. ஃபாதரக் கூட கேளு, அவரும் அதத்தான் சொல்லுவாரு. உன்ன விட நல்லா யாரு சொல்லிக் குடுப்பா?" என்றேன். "சரி மாமா" என்றாள். உன்னிடம் போனில் சொன்ன அதே "சரி".

நான் மாமனார். பெரியவர் ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். ஃபாதர் சொன்னாலும் அப்படித்தான், கோயிலில் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார் என்று நினைப்பாள். அவள் தன் ஊரையும் அண்ணனையும் விட்டுவிட்டு வந்தது என்னை நம்பியோ ஃபாதரை நம்பியோ இல்லை. நீ கூப்பிட்டாய், வந்தாள். நீ போட்ட வார்த்தையை நீதான் எடுக்க வேண்டும், வேறு யார் கைக்கும் அது வராது.

கையைக் கழுவிவிட்டுப் போனை எடு. ரோசியைக் கூப்பிடு என்று சொல்லாதே, என்னைக் கூப்பிடு என்றும் சொல்லாதே. ஸ்கூலைப் பற்றி இன்றைக்குப் பேசாதே. மன்னிப்பு கேட்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதுவும் என்னிடமிருந்து வந்ததுதான், ஆனாலும் கேள். ரோசி எந்தப் பள்ளியில் படித்தாலும் எனக்குச் சம்மதம். கலை இந்த வீட்டில் இன்னும் ஒரு நாள் கூட நேற்று வந்தவளாக இருக்கக் கூடாது.

உன் அப்பா